நீ மொழிபெயர்த்த என் வாக்குமூலம்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய்யாகும். நீ நலமாகத்தான் இருப்பாய். தலைமை அலுவலகத்தில் தனி மேசையே கொடுத்திருக்கிறார்களாமே. இடது கையால் எழுதுகிறேன், கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

வீட்டில் சமையல் அவர் தலையில் விழுந்துவிட்டது. உப்பைத் தவிர எல்லாம் போடுகிறார். மகள் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

நீ அனுப்பிய மொழிப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். புது மொழி கற்றால் மூளை கூர்மையாகும், நல்ல வேலை கிடைக்கும், நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து பேசலாம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாய். பத்து மாதம், உச்சரிப்புக்கு மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டே படித்தேன். முதலாளிகளின் மொழி வந்துவிட்டால், மூன்று விரல் போனவளுக்கும் நம் அட்டைப்பெட்டி ஆலையில் ஏதாவது எழுத்து வேலை தருவார்கள் என்ற நப்பாசைதான்.

கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் எழுத்தர் என் கோப்பை மேசையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். இவளுக்கு எங்கே படிக்கத் தெரியப்போகிறது என்ற தைரியம். படித்தேன்.

விபத்து விசாரணையில் நான் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து நீதானே முதலாளிகளுக்கு மொழிபெயர்த்தாய்? "மெஷின் மூடியைக் கழட்டினது மேற்பார்வையாளர்தான். மூடி இல்லாம ஓட்டமாட்டேன்னு சொன்னேன். ஓட்டலேன்னா வீட்டுக்குப் போன்னார்." இவ்வளவுதான் சொன்னேன். கோப்பில், வேலையைச் சீக்கிரம் முடிக்க மூடியை நானே கழற்றினேன் என்று இருக்கிறது. கீழே என் இடது கைப் பெருவிரல் ரேகை. வலது கையில் கட்டு இருந்ததால் நீதான் அந்த விரலைப் பிடித்து மையில் வைத்தாய். மூன்று முறை படித்தேன். நான் கற்றதில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்களடி நாம். மிரட்டினார்களா, மேசையைக் காட்டி மயக்கினார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவும் செய்துவிட்டு அந்தப் புத்தகத்தை ஏன் அனுப்பினாய்? இவள் எங்கே படிக்கப்போகிறாள் என்றா, படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றா? இதை நினைத்தே பாதி நாள் போகிறது.

தொழிலாளர் அலுவலகத்தில் மறுவிசாரணை கேட்டேன். வரும் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலாளிகளின் மொழியில் நானே சொல்லப்போகிறேன். ஆனாலும் நீ வா. பக்கத்து நாற்காலியில் உட்கார். எங்காவது தவறாகச் சொன்னால் திருத்து. சரியாகச் சொன்னால், இவள் அன்றைக்கும் இதையேதான் சொன்னாள் என்று அவர்கள் காதில் விழும்படி ஒரே ஒரு முறை சொல்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இன்னமும் உன்,
குள்ளச்சி