வில்லாளியின் மெட்டு

என் வீட்டு வில்லாளிக்கு,

இதைப் படித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு வா. நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

யாருக்கு என்ன நடக்கும் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்யும் நம் வெப் தொடரில் நீ ஆடுகிறாயே, அந்த வில்லாளி இன்று சாகிறாள். பகடையில் எது விழுந்தாலும் சாகிறாள். தொடரிலிருந்து உன்னைத் தூக்கிவிட்டார்கள். கேமராவுக்கு முன்னால் நீ நிஜமாகவே அதிர வேண்டுமாம். அதனால் இயக்குநர் என் வாயைக் கட்டிவிட்டார்.

எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். சாவுக்கு இசை போடுகிறவனிடம் மறைக்க முடியுமா?

வில்லாளி வரும்போதெல்லாம் ஒலிக்கும் மெட்டைத்தான், உனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாக்கினேன். ரசிகர்கள் ரிங்டோனாக வைத்திருக்கிறார்களே, அதே மெட்டு. முடிக்க மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ துணி மடித்துக்கொண்டே, "நல்லா இருக்கே, யாருக்கு?" என்று கேட்டாய்.

"சும்மாதான்" என்றேன்.

"சும்மாவா? இப்படி முடிச்சுப் பாரேன்" என்று இரண்டு ஸ்வரம் பாடிக் காட்டினாய்.

அப்படியேதான் முடித்திருக்கிறேன். இன்று அரங்கில் அதை வாசிக்கப்போவதும் நான்தான். அந்த இரண்டு ஸ்வரம் வரும்போது என் பக்கம் திரும்பிவிடாதே.

உன் கீபோர்டுக்காரன்