செத்தவன் முகத்தில் ஒரு சிரிப்பு

மார்ச் 3

மொட்டை, இன்னிக்கு உன்னைப் பார்த்தேன். சலவைக் கடை டிவியில. நீ போய் ஏழு மாசம் ஆச்சு. இஸ்திரி போட்டுக்கிட்டே நிமிர்றேன், கையை நீட்டிக்கிட்டு நீ வர்ற. யாரோ ஒருத்தர் சட்டைக் காலர் கருகிப் போச்சு. முதலாளி கத்தினாரு. காதுல ஏறல.

மார்ச் 4

"அம்மா, அது அப்பா இல்ல. அப்பா முகத்துல அச்சு எடுத்துச் செஞ்ச ரப்பர் முகமூடி. வேற யாரோ போட்டிருக்கான்" என்கிறாள் மகள்.

எனக்குத் தெரியாதா? அந்த ஆளு உன்னைவிட ஒரு சாண் உயரம். ஆனா சிரிப்பு உன்னுது. ஜாம்பி சீரியல்ல எழுந்து நடக்கிற பிணமா நடிக்கப் போனப்ப உன் முகம் பூரா பிளாஸ்டர் மாவு பூசினாங்களே — மூக்குக்கு மட்டும் ஓட்டை விட்டு, அசையாதேன்னு சொல்லி. நடுவுல நீ சிரிச்சுத் தொலைச்ச. உதடு ஒரு பக்கம் கோணி அப்படியே இறுகிப் போச்சு. மத்த பிணமெல்லாம் உறுமுது, நீ மட்டும் நக்கலடிக்கிற. ஏன் சிரிச்சன்னு கேட்டதுக்கு, "அப்புறம் சொல்றேன் போடி"ன்ன.

அந்த முகத்தை எடுத்து இன்னொருத்தனுக்கு மாட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

மார்ச் 6

உன் தம்பி வந்தாரு. "அண்ணன் செத்தும் நடிக்கிறாரு, பெருமைப்படுங்க அண்ணி" என்கிறாரு. பெருமையாம். இவரு மூஞ்சியை ஊரான் மாட்டிக்கிட்டு அலைஞ்சா தெரியும்.

மார்ச் 9

ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கே போயிட்டேன். டைரக்டர் மரியாதையாத்தான் பேசினாரு. கடைசி பாகத்துல ஹீரோ கோடாலியால உன் தலையைப் பிளக்கிறானாம்.

"வேற எங்க அடிச்சாலும் ஜாம்பி எழுந்துரும்மா. தலையிலதான் அடிக்கணும். அதான் விதி."

"ஏற்கெனவே செத்த மனுசனை எத்தனை தடவைங்க சாகடிப்பீங்க?"

"அது வெறும் ரப்பர்மா."

"அப்ப உங்க அப்பா முகத்துல அச்சு எடுத்து வெட்டுங்க!"

புதன்கிழமை எடுத்தே ஆகணும்னு எழுந்து போயிட்டாரு. உனக்கு அச்சு எடுத்த மேக்கப் அக்கா பக்கத்துலதான் இருந்துச்சு, குனிஞ்ச தலை நிமிரல. வெளியே டீ குடிச்சுக்கிட்டிருந்த பிணங்கள்ல ஒண்ணு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுச்சு. ஜாம்பிக்கு இருக்கிற ஈரம்கூட இவங்களுக்கு இல்ல.

மார்ச் 12

புதன். இந்நேரம் வெட்டியிருப்பாங்க. பாவிங்க.

மார்ச் 14

மேக்கப் அக்கா வீடு தேடி வந்து ஒரு துணிப்பையை நீட்டுச்சு. "ரப்பர் இத்துப் போச்சுன்னு சொல்லிட்டேன். மூக்கு முழி இல்லாத ஒரு தலையைத்தான் வெட்டினாங்க. அச்சும் கைதவறி உடைஞ்சிருச்சு"ன்னுச்சு. கைதவறிப் போட்டவ மூஞ்சியா அது!

பானையைக் கவுத்து அதுமேல உன்னை மாட்டியிருக்கேன். ஒரே ரப்பர் நாத்தம். நெத்தியில இருந்த ரத்தச் சாயத்தை ஈரத்துணியால துடைச்சேன். மகள் கிட்ட வந்து உத்துப் பார்த்தா. "அப்பாவோட நக்கலைப் பாரு"ன்னா.

இப்பவாவது சொல்லு மொட்டை. அந்த மாவுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு, எதை நினைச்சுச் சிரிச்ச?