அம்மா பேசிவிட்டாள்

திண்டுக்கல்

அன்பு மகள் டெய்சிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நலம். இந்தத் தடவை அது வழக்கத்துக்கு எழுதும் நலம் இல்லை தாயி, நிஜமான நலம். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பிடுங்கித் தானே சொல்லிவிடுவாள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, அதனால்தான் கடிதம்.

உன் ரொனால்டு மாமா போனதிலிருந்து அம்மா தூக்கமில்லாமல் கிடந்தது உனக்குத் தெரியும். மாமா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டதையும், கோயிலில் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஊருக்கு மாரடைப்பு என்று சொன்னதையும் நம் வீட்டோடு வைத்திருந்தோம். கவுன்சலரிடம் போகலாம் என்று முடிவானதும், நம்ம ஆளுக்குத்தான் நம்ம கஷ்டம் புரியும் என்று நான்தான் நம் கிறிஸ்தவப் பிள்ளையான கவுன்சலர் நான்சியைப் பிடித்தேன். அம்மா ஒரு டப்பா முறுக்கோடு போனாள். எந்தப் பங்கு, எந்தக் கோயில், யார் மகள் என்று ஆரம்பித்து, நத்தத்துச் சித்தி வீட்டுக்கு நான்சி சம்பந்தி முறை என்று கண்டுபிடித்து, நேரமெல்லாம் அதிலேயே போய்விட்டது. தம்பி எப்படி இறந்தார் என்று நான்சி கேட்டாளாம், அம்மா மாரடைப்பு என்றாளாம், நான்சி உடனே பேச்சை மாற்றிவிட்டாளாம். தங்கமான பிள்ளைங்க, அதுகிட்டப் போயி எப்படிச் சொல்லுவேன் என்றாள் அம்மா வெளியே வந்து.

பிறகு பேகம்பூர் பக்கம் மனநலம் பார்க்கும் கமர்ஜஹான் டாக்டரம்மாவிடம் போனோம். தம்பி கல்லறைக்கு ஏம்மா நீங்க போறதே இல்ல என்று அவர் கேட்டாராம். நம் ஆட்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அவருக்கு விளக்கப்போய் உண்மை வாயில் வந்துவிட்டது. அந்தம்மாவும் நம்ம ஊருதான், நம்ம பேச்சுதான், ஆனா நம்ம கோயிலுக்கு வராதுல்ல என்றாள் அம்மா. அன்று கறிச்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போன ஞாயிறு மாமாவின் நினைவு நாள். வீட்டில் ஜெபம் முடிந்ததும் அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் அம்மா எழுந்தாள். எந்தம்பிக்கு மாரடைப்பு இல்ல, மனசு ஒடிஞ்சு அவனாவே போயிட்டான், இனிமே பொய் சொல்லி அவனுக்கு ஜெபம் பண்ணாதீங்க என்றாள். பங்குச் சாமியார் எழுந்து வந்து, இம்புட்டு நாளா யாருக்கும்மா பயந்தீங்க என்று அவள் தலையில் கை வைத்தார். சொந்தம் என்று வந்திருந்த நான்சி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, எங்க அப்பாவுக்கும் மாரடைப்புன்னுதான் சொல்லி வச்சிருக்கோம் ஆன்ட்டி என்று அழுதாள். அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, கமர்ஜஹான் நம்பரைக் கொடுத்தாள்!

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. மாதா உன்னைக் காத்து நடத்துவாள், எங்கள் ஆசீர் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மறக்காமல் மாமாவைப் பற்றிக் கேள். அம்மா காத்திருக்கிறாள்.

அன்பு அப்பா,
ஞானதாஸ்