சர்பஞ்சின் வீட்டுக்காரர் தனி ஆளா?

மே 12, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில் சுரீர். கம்பெனி பஸ் லேட். நான் அட்மினாக இருக்கும் எங்கள் வட்டார ஆன்லைன் குழுவில் அனுமதிக்குக் காத்திருந்த பதிவுகள் நாலு: பங்காருபாளையம் மாங்காய், காணாமல்போன பசு, டியூஷன் விளம்பரம், ஒரு தண்ணீர்ப் புகார். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தேன்.

புகார் பக்கத்து ஊர்க்காரர் போட்டது. "பத்து நாளா தண்ணி இல்ல. சர்பஞ்ச் இன்னா பண்ணிக்கினு கீறாரு?" கூடவே தாமோதரத்தின் படம், வெள்ளைச் சட்டையில்.

சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், அவர் இல்லை. அவர் மனைவி விஜயா அக்கா. பெண்களுக்கு ஒதுக்கிய ஊர். ஜெயித்தது அக்கா, நாற்காலியில் உட்காருவது வீட்டுக்காரர். ஊரே அவரைத்தான் சர்பஞ்ச் என்கிறது.

பத்து நிமிடத்தில் முரளி அண்ணன் போன். வடமாலபேட்டையில் செல்போன் கடை, குழுவைத் தொடங்கியவர். "தாமோதரம் கத்துறாரும்மா. எனுக்கு இன்னா பதவி கீது, நான் தனி ஆளு, எம் போட்டோ எப்டி போடலாம்னு கேக்குறாரு. நாயம்தானம்மா?"

விதி நான் எழுதியது. பதவியில் இருப்பவர் பொது ஆள், பேரும் படமும் போட்டுக் கேள்வி கேட்கலாம். தனி ஆளுக்கு அது கூடாது. எழுதியபோது என்ன பெருமை எனக்கு.

பதிவை எடுத்தேன். எழுதியவர் உடனே 'சர்பஞ்ச் விஜயா' என்று அக்கா பேரும் படமும் போட்டுத் திரும்ப அனுப்பினார். பதவி இருக்கிறது, சரி. கம்பெனி கேட் வந்துவிட்டது, போனை லாக்கரில் வைக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே அனுமதியை அழுத்தினேன்.

மாலை. எட்டு மணி நேரம் கழித்து போன் கையில். அது கங்கம்மா ஜாத்திரையில் எடுத்த படம். தலைவிரி கோலம், சாமி வந்து கண் செருகி. கீழே நூற்றுக்கு மேல் கமெண்ட். "இதான் சர்பஞ்சா, தண்ணி ஊத்தி எழுப்புங்கடா." மற்றதை இங்கேகூட எழுதக் கூசுகிறது. எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, எல்லோரும் பார்த்தாயிற்று.

மே 13, புதன்

அனல். கேன்டீனில் எலுமிச்சை சாதம், மூன்றாம் நாளாக. இன்னும் அதே ஞாபகம். பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்து அண்ணனிடம் சண்டை.

"ஊர நடத்துறவரு தனி ஆளு, கையெழுத்து போடுற பொம்பள பொது ஆளா?"

"ரூலு நீ எழுதுனதுதான, செல்வி."

வைத்துவிட்டேன். போனை லாக்கரில் வைக்க மறந்து உள்ளே போய், செக்யூரிட்டியிடம் திட்டு வேறு.

மே 14, வியாழன்

மேகம். மழை மட்டும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் விஜயா அக்கா, எங்கள் ஊருக்குத் தண்ணீர் தேடி வந்திருந்தாள். வெறும் குடத்தோடு. ஒளிந்துகொள்ள இடம் தேடினேன், உண்மையைச் சொன்னால்.

"அக்கா, தப்பு என்னுதுதான். மன்னிச்சிக்கோ. இனிமே உன் பேரே வராம பாத்துக்கிறேன்."

"ஏன் வரக்கூடாது?" குடத்தை இடுப்பு மாற்றினாள். "போட்டோ போட்டது தப்பு. அத்த பாத்து எம் பொண்ணு சோறு துன்னாம அழுதுக்கினு கீது. ஆனா இத்தினி நாள்ல சர்பஞ்ச் விஜயான்னு வெளிய ஒருத்தன் எழுதுனது உங்க குரூப்லதான். திட்டறதுக்குன்னாலும் எழுதுனான்."

பஸ் வந்துவிட்டது. ஷிப்டில் ரிஜெக்ட் பீஸை ஓகே தட்டில் போட்டேன், இரண்டு தரம்.

மே 15, வெள்ளி

லீவு. துணி ஊற வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு அனுமதிக்கு ஒரு வீடியோ, விஜயா அக்காவே அனுப்பியது. பம்ப் ஹவுஸ் வாசலில் நிற்கிறாள். தலை வாரி, பொட்டு வைத்து.

"மோட்டார் எரிஞ்சி பதிமூணு நாள் ஆவுது. புதுசுக்கு தீர்மானம் எழுதி நான் கையெழுத்து போட்டுட்டேன். அதுல குத்த வேண்டிய ரப்பர் ஸ்டாம்ப் எங்கிட்ட இல்ல, எங்க வூட்டுக்காரரு தாமோதரம் வெச்சிக்கினு கீறாரு. குடுக்கல."

அண்ணன் மெசேஜ்: "வீட்டுக்காரர் பேர் வருது. தனி ஆள். ரிஜெக்ட் பண்ணு."

அவளுக்கே போன் போட்டேன்.

"அக்கா, இத்த போட்டா வூட்ல ரகள ஆவாதா?"

"ஆவும். நீ போடு."

போட்டேன். கையெல்லாம் சோப்பு. முதல் கமெண்ட், முதலில் புகார் போட்டவரே: "சர்பஞ்ச் மேடம், ஸ்டாம்ப் வாங்க நாங்களும் வரோம். எங்க நிக்கணும்?"