ஓரெழுத்துப் பிழையும் உன் பெயரும்

மச்சான்,

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, சத்தியம் செய்து இந்தக் கதையை எழுதுகிறேன்.

இன்று காலை ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் முருங்கைக்காய்க் கட்டோடு ரயிலேறினேன். எதிரே ஒரு விளம்பரம்: ‘எதையாவது மறந்துவிட்டீர்களா?’ மறப்பதற்கான அந்த நோர்வேஜியச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததில், இறங்கவேண்டிய இடம் இரண்டு நிறுத்தம் பின்னால் போய்விட்டது.

நாங்கள் சேர்ந்து படம் பார்த்த அந்த ஞாயிறு மத்தியானம், விட்ட மூச்சு உறைந்து காலடியில் விழுந்து உடைந்த குளிர். பியோர்ண்டாலுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு, சூடு தேடித் தியேட்டருக்குள் நுழைந்தோம். லெபனான் படம். பேச்சு அரபு, கீழே ஓடிய எழுத்து நோர்வேஜியம். உணவகத்தில் கோப்பை கழுவிய உனக்கு அதை வாசிக்க வராது. மொழிவகுப்பில் ஒரே சோதனையில் மூன்று முறை தோற்ற மாமேதையாகிய நான், மொழிபெயர்ப்பாளர் பதவியை ஏற்றருளினேன்.

மலைப்பாதையில் ஒரு பயணி. அவன் காரில் ஏறிய அந்நியனுக்குத் தன் பழைய வாழ்க்கை எதுவும் ஞாபகமில்லை. பெயரை மறந்துவிட்டேன் என்கிறான். நான் உன் காதில், “பேரை ஒளிச்சு வச்சிருக்கிறானாம்” என்றேன். அந்த மொழியில் மறப்பதற்கும் ஒளிப்பதற்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். படம் முழுக்க அவன் மறந்தான், நான் ஒளித்தேன்.

நீ சோளப்பொரியைத் தொடவில்லை. “பிடிபட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?” என்று மட்டும் கேட்டாய்.

விளக்கு எரிந்தும் நீ எழும்பவில்லை. “மச்சான், நானும் ஒளிச்சுத்தான் வச்சிருக்கிறன்.” வேறொருவன் கடவுச்சீட்டில் வந்ததையும், அந்தப் பெயரிலேயே அகதி மனுக் கொடுத்ததையும், திருத்தப்போனால் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று பத்து வருடம் வாய் திறக்காததையும் சொன்னாய். பிறகு அம்மா வைத்த பெயரைச் சொன்னாய்.

“ஒருக்காக் கூப்பிடன்.”

கூப்பிட்டேன். ஒஸ்லோ குடாவின் பனி இரண்டாகப் பிளந்தது. லெபனான் மலைகள் எதிரொலித்தன. துடைப்பத்தோடு நின்ற பெண் கைதட்டினாள். முன்பின் தெரியாத நாட்டுக்காரன் எடுத்த படமும் என் அரைகுறைப் படிப்பும் சேர்ந்து உன்னை வெளியே கூட்டிவந்ததை நினைத்தால், இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

உன் செத்தவீட்டில் எல்லாரும் கடவுச்சீட்டுப் பெயரைச் சொல்லி அழுதார்கள். நான் குனிந்து மற்றதைச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதமாட்டேன். மறக்கவில்லை, ஒளித்து வைத்திருக்கிறேன்.

பனியும் மலையும் கைதட்டலும் என் கைச்சரக்கு என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெண் எங்களை வெளியே போகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு சின்னத் துண்டு மெய். நான் கூப்பிட்டதும், பக்கத்தில் நான் இருப்பதையே மறந்தவன்போல, யாருக்கோ, “ஓம், வாறன்” என்றாய்.