கொழும்பு லைசென்ஸும் முட்டத்து மீன் வண்டியும்

3 ஜூன் 1954, வியாழன். நாகர்கோவில்.

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. எட்டாம் வகுப்பு ஆங்கில இலக்கண நோட்டு திருத்த இன்னும் முப்பது பாக்கி.

இவர் கொழும்பிலிருந்து காரோடு லீவில் வந்து மூன்று வாரம். நேற்று திருவட்டாறு கோயில். இன்று முட்டம், கலங்கரை விளக்கம் பார்க்க. நானும் கூட. திரும்பும்போது வளைவில் ஒரு மாட்டு வண்டி. ஈர ரோடு, கார் சறுக்கி இடித்துவிட்டது. வண்டிச் சக்கரம் முறிந்து, சாளை மீன் முழுக்க ரோட்டில்.

வண்டிக்காரர் அந்தோணி, மீன் வியாபாரி. கையில் சிராய்ப்பு. அதைப் பார்க்காமல் காளையைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணுமில்ல சாரே. வண்டி இல்லாம நான் எப்பிடி சந்தைக்குப் போவேன்?"

"இன்சூரன்ஸ் இருக்கு. இந்தியாவுக்கும் சேத்துதான் எடுத்திருக்கேன்" என்றார் இவர், தைரியமாக.

வீட்டுக்கு வந்து கொழும்பு லைசென்ஸை எடுத்துப் பார்த்தால், தேதி முடிந்து பதினொரு நாள்.

4 வெள்ளி.

மழை. குழம்பில் உப்பு மறந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு கவலை.

இவர் தம்பி மாணிக்கம், லாரி டிரைவர், வந்தான். "அண்ணே, இன்சூரன்ஸ் பேப்பர்ல நான் ஓட்டினேன்னு எழுதிப் போடும். எனக்க லைசென்ஸ் ஒழுங்கா இருக்கு."

இவர் பேனாவை எடுத்தே விட்டார். நான் பிடுங்கிக்கொண்டேன். "அந்தோணி உங்க மொகத்தப் பாத்தாரு. அவரையும் பொய் சொல்லச் சொல்லுவியளா?"

"பின்ன நான் என்னட்டி செய்ய?"

பாலிசியைக் கேட்டு வாங்கினேன். ஆங்கிலம், பொடி எழுத்து, ஆறு பக்கம். நோட்டுகள் கிடக்கட்டும். ஐந்தாம் பக்கத்தில்: ஓட்டுபவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், அல்லது முன்பு வைத்திருந்து, மீண்டும் அதைப் பெறத் தடை இல்லாதவராக இருக்க வேண்டும்.

அல்லது! மூன்று தடவை படித்தேன். இவருக்குத் தடை ஏது? புதுப்பிக்க மறந்தார், அவ்வளவுதான்.

உண்மையை அப்படியே எழுதினார். நான் பிழை திருத்தினேன். இரண்டு பிழை.

5 சனி.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "டீச்சரம்மா சொல்லுதது சரிதான். கம்பெனிக்கு அனுப்புதேன். ஆனா லைசென்ஸ் முடிஞ்சு ஓட்டினதுக்குப் போலீஸ் கேட்டா அது வேற, இது வேற."

நேரே ஸ்டேஷன். இவரே போய் ஒப்புக்கொண்டார். அபராதம், நல்ல திட்டு. வெளியே வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மாணிக்கம் ஓட்டினான்.

புதுச் சக்கரம் வரும்வரை அந்தோணியின் கூடைகள் எங்கள் காரில்தான் சந்தைக்குப் போகும். இவர் யோசனை. கார் நாறும். நாறட்டும்.

14 திங்கள்.

வெயில், அதிசயமாக. கம்பெனி கடிதம். ஏற்றுக்கொண்டார்கள்! இவர் நின்றுகொண்டே சத்தமாக இரண்டு தடவை படித்தார்.

மாலை முட்டம், பாலிசியோடு. அந்த 'அல்லது'வால்தான் பணம் வருகிறது என்றேன். அந்தோணி, "எந்த எழுத்தும்மா அது, எனக்கும் காட்டுங்க" என்றார். காட்டினேன். "இம்புட்டுப் பொடியாட்டா?" என்று சிரித்தவர் சிரித்தபடியே இருந்தார். இலையில் பொதிந்து நெய்மீன் தந்தார். மறுக்க விடவில்லை.

திரும்பும்போது இவர் மெதுவாக, "ஏட்டி, நீ கார் ஓட்டப் படிக்கியா?"

ம் என்றேன், யோசிக்காமல். மாணிக்கம் சொல்லித் தருவான். முதலில் லைசென்ஸ் மனு.