முதல் அலசல் தண்ணீர்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை.

பினாங்கு ஓய்வு இல்லத்தில் இருக்கும் ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு, உங்கள் பழைய பங்குக் கோயிலிலிருந்து சாந்தமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன மாதம் அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

கோயில் துணி துவைக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமையோடு என் கையை விட்டுப் போய்விட்டது. பங்குப் பேரவைக் கூட்டத்தில், எல்லாருக்கும் நடுவில், செயலாளர் கென்னத் சொன்னான். நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்த அதே கென்னத். “ஆன்டி, மேரு டவுன்ல துணி தொவைக்கிற மெஷின் டோபி கடை இருக்கு லா. அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்” என்றான்.

திருக்கிண்ணம் துடைக்கிற துணியை முதலில் அலசும் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாதே, பூசையில் ஆண்டவருடைய இரத்தமாக மாறிய திராட்சை இரசம் அதில் இருக்குமே, மண்ணில்தானே ஊற்ற வேண்டும் என்றேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். வீட்டு முன்னால் சிமெண்ட் போட்டபோது, அதற்காகவே இரண்டு அடி மண்ணை மூடாமல் விடச் சொன்னவள் நான். அவன் மனைவி ஷார்மைன், “துணி தொவச்ச தண்ணிக்கும் கல்லறையா ஆன்டி?” என்றாள். எனக்குப் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். யார் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்து நோட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். எந்தத் தேதியில் எத்தனை துணி, எது கிழிந்தது, எதைத் தைத்தேன், எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை. அவன் பிரித்தே பார்க்கவில்லை. கஞ்சி போட்டு மடித்துக் கொடுத்த துணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில் திணித்தான்.

அதெல்லாம் போகட்டும் ஃபாதர். பிறகு போனை எடுத்து, டோபியைப் பற்றி அவன் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய பதில் என்று சத்தமாக வாசித்தான். “புருஷன் விட்டுட்டுப் போன பொம்பள, வீட்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. பாவமேன்னு குடுத்த வேலை. டோபிக்குப் போட்டா ஒன்னும் தப்பில்ல.”

இந்த வேலையைக் கொடுத்த அன்றைக்கு என்னிடம் நீங்கள் சொன்னது வேறு. “பீடத்தில் நான் செய்வதில் பாதி உன் கையில் இருக்கிறது, மேரி” என்றீர்கள். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தேன்.

போனை வாங்கிப் பார்த்திருக்கலாம். பயந்து வாங்கவில்லை.

கென்னத் பொய் சொன்னான் என்று ஒரே ஒரு வரி, உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். அவன் வாசித்தது உண்மையாகவே இருந்தாலும் பொய் என்றே எழுதுங்கள். அந்தப் பாவத்தை என் பாவமாக நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் ஆசீருக்குக் காத்திருக்கும்,
சாந்தமேரி